இங்கிலீஷில் ஒரு மனு

"அந்த சிகலா வாத்தியார் இருக்கிற வரைக்கும் நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வராது!"

பெற்றோர் சங்கத் தலைவர் லுவோகா மேசையைத் தட்டியதில் தேநீர் தளும்பியது.

நியாயமான கோபம்தான். சிகலா பதினெட்டு வருடம் பாடம் நடத்தியும் ஒரு பிள்ளை வாயைத் திறக்கவில்லை. வெள்ளைக்கார இலோனா மேடம் வந்து எட்டே மாதம். ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷில் சண்டை போடுகிறது.

மேடத்தை ஊருக்குப் பிடித்துக் கொடுத்ததே லுவோகாதான். மரப்பெட்டியும் கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கியவரை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்து சாக்பீஸைக் கொடுத்தார். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "முதல்ல சாப்பிடுங்க" என்று லுவோகா உகாலிக் களித் தட்டை நீட்டிவிட்டார்.

"பள்ளிக்கூடம் விட்டதும் அந்த ஆளு மேடம் பக்கத்துலயே உட்கார்ந்து வழியறாரு" என்றாள் சங்கத்து ஹலிமா அம்மா.

"அதையும் எழுதிக்கோ!"

சிகலாவை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி மனு தயாரானது. முப்பது கையெழுத்து.

"நம்ம சுவாஹிலியில குடுத்தா கல்வி அதிகாரி படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடுவார். இங்கிலீஷ்ல குடுத்தாதான் பயப்படுவார்" என்றார் லுவோகா.

மொழிபெயர்க்கச் சொல்லி மேடத்திடம் கொடுத்தார். மேடம் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "நாளைக்கு" என்றார்.

அன்று மாலை, மறந்த தொப்பியை எடுக்கத் திரும்பிய லுவோகா வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதல் பெஞ்சில் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கரும்பலகையில் நாளைய பாடம். சிகலா ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மேடம் திருப்பிச் சொல்ல, அவர் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடத்துக்கு இங்கிலீஷ்..."

"தெரியாது தலைவரே. ஹங்கேரிக்காரங்க. தேனீ வளர்க்கச் சொல்லிக்குடுக்க வந்தாங்க. நீங்க சாக்பீஸைக் குடுத்துட்டீங்க."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே வாத்தியாரே!"

"எதுக்கு? நான் நடத்தினப்ப விதைப்பு, அறுப்புன்னு பாதி நாள் பிள்ளைங்களை நிறுத்தினீங்க. இவங்க வந்தப்புறம் ஒருநாள்கூட நிறுத்தலை. யார் முகத்துக்கு வந்தா என்ன, பிள்ளைங்க வருதுங்க."

லுவோகா தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

சிகலா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உங்க மனு, இங்கிலீஷ்ல. 'சிகலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது'ங்கிற வரியை மட்டும் நாலு தடவை அடிச்சு எழுதினேன். இப்ப ஒரு தப்பும் இல்லை, கொண்டு போங்க."