எழுபது நாள் தீட்டு

“அவ தீட்டு. ஒருத்தரும் கிட்டப் போகப்பிடாது. அவளும் அடுப்பங்கரைக்கோ தொழுவத்துக்கோ வரப்பிடாது.”

ஆட்டோ கிளப்பிவிட்ட புழுதி அடங்கும் முன்பே, வாசலில் நின்று இப்படி அறிவித்துவிட்டாள் வெயிலுகந்தம்மாள்.

மருமகள் பாண்டிச்செல்விக்கு அப்போது ஏழாம் மாசம். திடீரென்று ரத்தம் பட்டு, கோவில்பட்டியில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கினாள்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டித்தான் அனுப்பினார்.

“நஞ்சுக்கொடி கீழ இறங்கி, பிள்ளை வர்ற வழியை அடைச்சுக்கிட்டு இருக்கு. குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. புருஷனும் விலகித்தான் இருக்கணும். மறுபடி நிறைய பட்டா உங்க ரெண்டு உயிருக்கும் ஆபத்து. ஒரு நிமிஷம் தாமதிக்காம வந்திடணும்.”

மாமியாரும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவள்தான். கேட்டுவிட்டு வந்து ஊருக்குச் சொன்னது, தீட்டு.

மாமனார் கருத்தப்பாண்டி கோயில் கொடையில் சாமியாடுகிறவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பத்தடி தள்ளிப் போய் நின்றார். மில்லில் வேலை பார்க்கும் புருஷன் மணிராஜும் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் “சாப்பிட்டியா?” என்று கேட்க முடிந்தது.

மக்காச்சோள மூட்டை அடுக்கியிருந்த பக்கத்து அறையில் அவளுக்குக் கட்டில் விழுந்தது.

நாலாம் நாளே ரத்தம் நின்றுவிட்டது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அத்தே, இப்பம் ஒண்ணும் படலியே. வெளிய வரட்டுமா?”

“நான் சொல்லுத வரைக்கும் தீட்டுதாம். படு.”

பக்கத்து வீட்டு செல்வமாரி ஜன்னல் வழியாக அங்கலாய்த்தாள். “மாசமா இருக்கவளுக்கு எங்கனயாச்சும் தீட்டு உண்டுமா? இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மாமியாக்காரி.”

கடம்பூரிலிருந்து அம்மா போனில் அழுதாள். பொங்கலன்று முற்றத்தில் பானை பொங்கி, எல்லாரும் குலவை போட்டபோது, பாண்டிச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலைப்பொங்கல். பானையைத் தூரத்திலிருந்து பார்க்கத்தான் கொடுத்து வைத்திருந்தது.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. மாமியார் மட்டும் அவளைத் தொட்டாள். துணி மாற்றிவிட்டாள், தலை வாரிவிட்டாள், கால் அமுக்கினாள். தீட்டுக்காரியைத் தொட்டால் தலை முழுக வேண்டாமா? வெயிலுகந்தம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

தை மாசக் கடைசியில், எழுபதாம் நாள், மறுபடியும் பட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன், இரண்டு பாட்டில் ரத்தம், பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு.

சொன்னால் சிரிப்பீர்கள். அந்த அறைப் பக்கம் போனால் பாண்டிச்செல்விக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. சாக்கு வாசனை, சுவரில் மெல்ல நகரும் வெயில், தூரத்தில் போகும் நெல்லை ரயில், வயிற்றுக்குள் உதை. பிறகு ஒருநாள்கூட அப்படிப் படுத்ததில்லை. ஆனாலும் அந்தப் பொங்கலை நினைத்தால் மாமியார் மேல் ஒரு முள் குத்தத்தான் செய்யும்.

போன வாரம் வெயிலுகந்தம்மாளுக்குக் கண் ஆபரேஷன். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே முற்றத்தில் மாமனார் குரல்.

“ஏ வெயிலு, மாட்டுக்குத் தண்ணி காட்டலியா?”

“மாமா, அத்தை குனியப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ,” என்றாள் பாண்டிச்செல்வி.

“டாக்டர் ஆயிரம் சொல்லுவாவ. ஆபரேசன் கண்ணுலதான? கையிலயா?”

வெயிலுகந்தம்மாள் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். பாண்டிச்செல்வி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“டாக்டர் சொன்னாவன்னு சொல்லியும் கேக்க மாட்டேங்காவளே, அத்தே.”

“எந்தக் காலத்துல கேட்டாவ? மணிராஜுக்கு முந்தி எனக்கு ஒண்ணு தங்குச்சு. ஒனக்குப் பட்ட மாதிரியேதாம் பட்டுச்சு. நர்சம்மா படுக்கச் சொல்லியிருக்கான்னு சொன்னேன். காதுலயே வாங்கல. உளுந்துக்குக் களையெடுக்கக் கூட்டிட்டுப் போனாவ. காட்டுலயே போயிட்டு.”

பாண்டிச்செல்வி கட்டிலில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பல்லாம் மாசத்துல அந்த மூணு நாளுதாம் நமக்கு ஓய்வு. பின்னால வேப்பமரத்தடி. நாலு பேரு சேந்துட்டா தாயம் உருட்டுவோம், கதையடிப்போம், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். ஒரு பய வந்து ஒரு வேலை சொல்ல மாட்டான். அந்தச் சொல்லு ஒண்ணுக்குத்தாம் ஒங்க மாமா கட்டுப்படுவாவ. அதாம் ஒனக்கும் அதையே சொன்னேன்.”

ஏழு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த முள் எங்கே போனது என்று தெரியவில்லை. பாண்டிச்செல்வி மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

முற்றத்திலிருந்து மறுபடியும் குரல் வந்தது. வாளியை உருட்டிவிடும் சத்தமும் வந்தது.

“இப்பவும் அதையே சொல்லிட்டுப் படுங்க, அத்தே,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வெயிலுகந்தம்மாள் சிரித்தாள்.

“அது நின்னு பத்து வருசமாச்சே, தாயி. இனி நான் எதைச் சொல்லிட்டுப் படுப்பேன்?”