வாசிக்கப்படாத சீட்டு

மூன்று ஞாயிறாகச் சபையின் ஜெபப் பெட்டியில் அவள் போட்ட சீட்டு மட்டும் வாசிக்கப்படவில்லை. ஏனென்று அந்த எட்டு வயதுச் சிறுமிக்குப் புரியவில்லை.

முதலில் போடுவது அடியில் போய்விடும் என்று, இரண்டாம் வாரம் கடைசி ஆளாகப் போட்டாள். எழுத்துதான் சிறிதோ என்று, மூன்றாம் வாரம் பெரிதாக எழுதினாள். போதகர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். தோழியின் பூனைக்குக்கூடச் சபையே ஜெபித்தது.

"இயேசப்பாவுக்கு என்மேல கோபமோ என்னவோடி."

"போடி லூசு! அவருக்குக் கோபமெல்லாம் இருக்காது. ஆனா சத்தமா வாசிச்சாத்தானே எல்லாரும் ஜெபிக்க முடியும்?" என்றாள் தோழி.

வீட்டில் அம்மா வீங்கிய உதட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "யாராவது கேட்டா, அம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்கன்னு சொல்லு, கண்ணு."

"நம்ம வீட்டுல மாடியே இல்லையேம்மா."

நான்காம் ஞாயிறு, மனப்பாட வசனம் சொல்வது அவள் முறை. மைக்கைப் பிடித்தாள். வசனத்துக்குப் பதிலாகச் சீட்டில் எழுதியதைச் சொன்னாள்.

"இயேசப்பா, எங்கப்பா எங்கம்மாவை அடிக்காம பாத்துக்கோங்க."

சபை முழுவதும் போதகரைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் எழுந்து அம்மாவிடம் போனார்கள்.

பெட்டியின் சாவி அப்பாவிடம் இருந்தது. மைக்குக்குச் சாவி கிடையாது.