விழாத வண்டி

"இந்தப் பொம்பளையை யாரு உள்ளே விட்டது?" என்று தாராப்ஷா சேட் ஹோமியின் காதில் ரகசியமாகக் கேட்டார். அவருக்குக் காது மந்தம். அதனால் அறை முழுவதற்கும் கேட்டது.

"கேஸட் கொண்டு வந்தவங்களே இவங்கதான் சேட். பேரு சுலபா. உங்க ப்யூக் காரு வருமே, அந்தப் படம். எங்கேயும் கிடைக்காத காப்பி."

சேட்டின் முகம் மலர்ந்தது. "அதை முதல்ல சொல்றதில்லையா? உக்காரச் சொல்லு. ராஸ்பெரி சோடா குடு."

தாதர் பார்ஸி காலனியின் மோட்டார் சங்கத்தில் ஞாயிறு காலைகள் இப்படித்தான். பழைய இந்திப் படம் ஓடும். கார் வந்ததும் ஹோமி படத்தை நிறுத்துவார். எந்த வருட மாடல் என்று கத்த வேண்டும். தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் கட்லெட் வாங்கித் தர வேண்டும்.

இன்று புணேயிலிருந்து மேஜர் போன்ஸ்லேயும் வந்திருந்தார். 'அடிபடாத அசல் வண்டி'க்கான கோப்பையை வாசலில் நின்ற தாராப்ஷாவின் ப்யூக்குக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். அந்தக் கோப்பைக்காக சேட் பல வருடங்களாகக் காத்திருந்தார்.

படத்தில் கதாநாயகன் ப்யூக்கில் சாய்ந்துகொண்டு பாடினான்.

"நாற்பத்தொன்பது!" என்று அறையே கத்தியது. "மட்கார்டுல மூணு ஓட்டை பாரு! அந்த வருஷம்தான் வந்தது."

தாராப்ஷா எழுந்து நின்று கும்பிட்டார்.

பாட்டு முடிந்தது. கார் மலைப்பாதையில் வேகமாக வந்தது. வளைவில் திரும்பாமல் சரிவில் உருண்டது.

ஹோமி படத்தை நிறுத்தினார்.

மேஜர் பேனாவை மூடினார். "மன்னிக்கணும் சேட். உருண்ட வண்டிக்கு இந்தக் கோப்பை கிடையாது."

"அது என் வண்டியே இல்லை!"

"உங்க வண்டிதானே சேட்?" என்றாள் சுலபா. "மூணு ஓட்டை தெரியுதே. அப்புறமா தட்டி நிமித்தி, பெயிண்ட் அடிச்சீங்களா?"

"எவனோ எதிராளி அனுப்பி வெச்ச ஆளு," என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். "கிழவனுக்குக் கோப்பை கிடைக்கக் கூடாதுன்னு."

தாராப்ஷா கைத்தடியோடு தொலைக்காட்சிப் பெட்டியிடம் போனார். நின்ற இடத்திலேயே படம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தட்டி நிமித்தினதா? என் வண்டியையா? கண்ணைத் திறந்து பாரு அம்மணி. இது ஓட்டையா? பொட்டு! கறுப்புப் பெயிண்ட்ல வெச்ச மூணு பொட்டு. இது நாற்பத்தேழு. காயலான் கடைச் சரக்கு. பாட்டு எடுத்து முடிச்சதும் என் வண்டியை நானே வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டேன். உருட்டறதுக்கு பிரேக் போன டப்பா ஏதாவது பிடிச்சு, என் வண்டி கலரை அடிச்சுக்கோன்னு புரொட்யூசருக்கு யோசனை சொன்னதே நான்தான்!"

ஹோமி திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். "ஆமாய்யா, பொட்டுதான்! இவ்வளவு பேர் பார்த்தும் எவன் கண்ணுலயும் படலையே!"

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. மேஜர் பேனாவைத் திறந்தார்.

"நிச்சயமாத் தெரியுமா சேட்?" என்று சுலபா கேட்டாள். "பிரேக் போன வண்டின்னு?"

"எங்க பார்ஸி கோயில் நெருப்பு மேல சத்தியம்! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்." அவள் எழுந்தாள். "அந்த நாற்பத்தேழை ஓட்டினது எங்கப்பா. வளைவுல பிரேக்கை மிதிச்சு, வேகம் குறைஞ்சதும் வெளியே குதிச்சுடணும்னு சொல்லியிருந்தாங்க. அங்கேயே செத்துட்டார். விழுந்தது உங்க ப்யூக்தான், பிரேக் அருமையா இருந்தது, டிரைவர்தான் குடிச்சிருந்தான்னு விசாரணையில நீங்க சாட்சி சொன்னீங்க. எங்கப்பா குடிக்கவே மாட்டார் சேட். எங்கம்மாவைச் சாகிற வரைக்கும் தெருவுல குடிகாரன் பொண்டாட்டின்னுதான் கூப்பிட்டாங்க."

தாராப்ஷாவின் கைத்தடி திரையைத் தொட்டபடியே நின்றது. ஹோமி சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜர் தொண்டையைச் செருமினார்.

"அது வேற விஷயம்மா. அதை நீங்க வேற இடத்துல பேசிக்கணும். சேட்டோட வண்டி விழலை. எனக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டுக் கோப்பைக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

யாரோ ஒருவர் மெல்லக் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.