மேஜையா, மடியா?

"அம்மா, உங்க கம்ப்யூட்டருக்குள்ள வைரஸ் புகுந்திருக்கு. நாங்க கம்பெனியிலேருந்து பேசறோம்."

இந்த வரியைக் கேட்டால் எதிர்முனை பதறும். பதறியவர்களின் கம்ப்யூட்டருக்குள், இருந்த இடத்தில் இருந்தபடியே நுழைந்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டு வெளியே வருவதுதான் டயர் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில் நடக்கும் தொழில். இப்போது பேசியவனுக்கு அங்கே 'தேன்' என்று பெயர். குரல் அப்படி.

ஆனால் இந்த அம்மாள் பதறவில்லை.

"என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே தம்பி!"

தேன் போனை வைக்கப் போனான்.

"வெச்சிடாதப்பா. ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். நீதான் கம்பெனி ஆளாச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்கும். டெஸ்க்டாப் நல்லதா, லேப்டாப் நல்லதா?"

"எதுக்கும்மா உங்களுக்கு?"

"தினப்படி வேலைக்குத்தான். மக வெளிநாட்டுல இருக்கா, மொகம் பாத்துப் பேசலாம். அப்புறம், அவர் போனதுக்கப்புறம் வந்த பணம் பேங்க்ல அப்படியே கெடக்கு. அதையெல்லாம் வீட்லேருந்தே பாத்துக்கலாமாமே?"

தேன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பழம் நழுவிப் பாலில் விழப் பார்க்கிறது. பாலுக்குக் கிண்ணம்தான் இன்னும் வாங்கவில்லை.

"டெஸ்க்டாப்பே வாங்கிடுங்கம்மா" என்றான். அவனுக்கே ஆச்சரியம், மனசாரத்தான் சொன்னான். "திரை பெரிசு. கண்ணு வலிக்காது. கெட்டுப்போனா, கெட்டதை மட்டும் கழட்டி மாத்திக்கலாம். அதே விலைக்கு வேகமும் கூட."

"அதை வைக்க மேஜை வேணுமே?"

"சின்னதா ஒண்ணு போட்டுக்கலாம்."

"நல்லா சொன்னே. பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவுல நானே பக்கவாட்டுலதான் போறேன். சரி, கரண்ட் போனா?"

"அதுக்குத் தனியா ஒரு பேட்டரிப் பெட்டி இருக்கும்மா."

"அதை எங்க வைக்கறது, என் தலையிலயா?"

தேன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். மறுநாள் அவனே கூப்பிட்டான். அதற்கடுத்த நாளும். லேப்டாப்பின் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும், மடியில் வைத்தால் சுடுமா, விசைப்பலகையில் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்று அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரன் கிண்டல் செய்தான். "ஏண்டா, கம்ப்யூட்டர் கடைக்காரன் உனக்குக் கமிஷன் தர்றானா?"

ஒருநாள் பேச்சின் நடுவே தேனுக்கு இருமல் வந்தது. "நாள் பூரா கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போச்சு பாரு. வெந்நீர் குடிப்பா" என்றாள் அம்மாள். பெற்ற தாய்கூட அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் அவனுக்கு உள்ளே என்னவோ செய்தது. அடுத்த நிமிஷம் சரியாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை குண்டு விழுந்தது.

"தம்பி, உனக்கு இனிமே தொந்தரவு இல்ல. ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மகன் வர்றான். அவனே பாத்து வாங்கி, எல்லாம் போட்டுக் குடுத்துடறேன்னுட்டான். போலீஸ்ல கம்ப்யூட்டர் பிரிவுலதான இருக்கான்."

தேன் போனை வைத்தான். மேனேஜரிடம் ஓடினான்.

"போலீஸ்காரன் கை வெச்ச மெஷினுக்குள்ள நம்மால நுழைய முடியாது சார். அவன் வர்றதுக்குள்ள நம்ம மெஷின் அங்க போயிடணும்."

மேனேஜர் மூலையில் தூசி படிந்து கிடந்த டெஸ்க்டாப்பைக் கண்ணால் காட்டினார். "அதைத் தொடச்சு அனுப்பு."

தேன் போனை எடுத்தான். "அம்மா, கம்பெனி உங்களுக்குப் பரிசு குடுக்குது! ஒரு டெஸ்க்டாப்!"

"பரிசா? எனக்கு எதுக்குப்பா? இல்லாதவங்க யாருக்காவது குடு. நான் எங்க அக்கா மகன்கிட்டயே..."

"லேப்டாப்! லேப்டாப்பே தர்றோம்மா!"

"பழசா?"

"புத்தம் புதுசு!"

"சரி. பெத்த புள்ள மாதிரி இவ்வளவு ஆசையா சொல்றே. ஆனா வீட்டுக்கெல்லாம் அனுப்பாதே. எங்க சந்து எங்கன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள கூரியர்காரன் கெழவனாயிடுவான். கூரியர் ஆபீஸ்லயே போய் வாங்கிக்கறேன்."

புது லேப்டாப் என்றதும் மேனேஜர் முகம் சுருங்கியது. "சின்ன மீனைப் போட்டாத்தான் சார் பெரிய மீன் வரும்" என்று தேன் தேற்றினான். புது லேப்டாப் வந்தது. யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வேவு ப்ரோக்ராமை அதற்குள் ஒளித்து வைத்து அனுப்பினார்கள். அம்மாள் அதைத் திறந்த கணமே தேனின் திரையில் பச்சைப் புள்ளி எரியும். அதன் பிறகு அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் இங்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை அம்மாளே கூப்பிட்டாள். "கைக்கு வந்துடுச்சு தம்பி. நீ நல்லா இருப்பே."

"இன்னிக்கே திறந்து உங்க பேங்க் கணக்கைப் பாத்துடுங்கம்மா."

"அதான் மொத வேலை."

தேன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் மேனேஜர் நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். சாயங்காலம், பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது. அறையே கை தட்டியது. தட்டி முடிப்பதற்குள் அது அணைந்துவிட்டது. பிறகு எரியவே இல்லை.

ஊரின் மறுகோடியில், பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கும் கடைக்காரர் அந்த லேப்டாப்பை மூடி வைத்தார். எதிரே நாற்காலியில் அம்மாள் உட்கார்ந்து பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"இதுலயும் வேவு பாக்கற ப்ரோக்ராம் வெச்சிருந்தான்க்கா. அழிச்சிட்டேன். ஆமா, எப்பவும் லேப்டாப்பாவே கொண்டு வர்றீங்களே, டெஸ்க்டாப் ஒண்ணுகூட மாட்டலையா? அதுக்கும் ஆள் கேக்கறாங்க."

"மாட்டாம என்ன? இந்தப் புள்ளகூட மொதல்ல அதைத்தான் தர்றேன்னான். யாருப்பா அதைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றது?"