சோதனைக்குப் போன செங்கல்

முதலில் எங்கள் வீட்டை இடித்தார்கள். பிறகு அதன் செங்கற்களான எங்களை இடிபாடு என்றார்கள். அதன்பின் அதே மனையில் எழும் ஆறு மாடிக்குப் புதுச் செங்கல் சுட்டு வரவழைத்தார்கள். கடைசியில் எங்களை ஏரியில் கொட்ட லாரி வந்து நின்றது.

"சுவரில் எங்களையே வையுங்கள். நாங்களிருக்க இன்னொரு சூளை எதற்குப் புகைய வேண்டும்?" என்றாள் எங்கள் குவியலில் மூத்தவள்.

புதுச் செங்கல் சிரித்தது. "பெரியம்மா, சான்றிதழ் இருக்கா?"

"அறுபது வருஷம் ஒரு வீட்டைத் தாங்கியிருக்கோம்டா."

"அதெல்லாம் காகிதத்துல வராதே!"

மூத்தவள், செங்கல்லின் பலம் பார்க்க மனையோரம் வைத்திருந்த சோதனை இயந்திரத்தைப் பார்த்தாள். அது தயங்கியது. "சான்றிதழ் தருவேன். ஆனால் ஒருவரை உடையும்வரை அழுத்தினால்தான் எல்லோருடைய பலமும் தெரியும். யார் வருகிறீர்கள்?"

குவியலில் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினோம்.

"நான்தான். கருணை காட்டாம அழுத்து" என்றாள் மூத்தவள்.

புதுச் செங்கல் உடையும் அளவை முள் தொட்டது. அவள் அசையவில்லை. முள் அதைத் தாண்டி நெடுந்தூரம் போன பிறகே உடைந்தாள்.

சான்றிதழ் கிடைத்தது; லாரி காலியாகத் திரும்பியது. இயந்திரம் அவளுடைய சிதறலில் பெயர் முத்திரையுள்ள துண்டைத் தேடியெடுத்து, எங்கள் முன்னும் புதுச் செங்கல்லின் முன்னும் உரக்க வாசித்தது:

"அஞ்சலை."