ஏரி டூட்டி

அம்மையப்பன் எனக்குத் தர வேண்டியது இருநூற்று நாற்பது திர்ஹாம். அதைவிட அவன் டூட்டிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த சைட்டுக்கு நான் புதிது. ஜூலை வெயிலில் வில்லா வாசல்களில் செடி வெட்டினேன். அவனோ, வில்லாக்களுக்கு நடுவே இருந்த ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி அள்ளினான்.

“ஏரியை எனக்குக் குடுடா. கடனை விட்டுடுறேன்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களாண்ணே?”

“நீ மட்டும் குளுகுளுன்னு நிக்கிறதப் பாத்தா வயிறு எரியுதுடா.”

ஃபோர்மேனிடம் சொல்லி மாற்றிக்கொண்டோம். மறுநாள் ஏரியில் இறங்கி ஆசை தீர முங்கினேன். இரண்டு வாய் அள்ளிக் கொப்பளித்தேன்.

கரையிலிருந்து அம்மையப்பன் அலறினான். “துப்புங்கண்ணே! அது வில்லா கக்கூஸ் தண்ணி. சுத்தம் பண்ணி ஏரியில விடுறாங்க!”

“நேத்தே சொல்றதுக்கென்னடா?”

“சொல்லியிருந்தா கடன் கலாஸ் ஆயிருக்குமாண்ணே?”