சுற்றிவளைப்பு

கனடாவின் மொன்றியல் நகரம், 1996. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கும் லோகேந்திரன், தன் குடலிலிருந்து வெட்டியெடுத்த கட்டியைத் தானே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தார்.

“என்ன தெரியுது?” என்றார், அவரை நுண்ணோக்கி முன் உட்காரவைத்த டாக்டர் சியாமளா.

“நடுவில வளையம் வளையமா ஏதோ கிடக்கு. அதைச் சுத்திக் கருநீலப் பொட்டுகள், கணக்கில்லாமல்.” யாழ்ப்பாணத்தில் ராணுவச் சுற்றிவளைப்பில் சிக்கியவர் அவர். “எல்லாப் பக்கத்தாலும் வளைச்சிட்டாங்கள். இனித் தப்பேலாது, டொக்டர்.”

“மாட்டிக்கிட்டது நீங்க இல்லை. அந்த வளையங்கதான் புற்று. சுத்தி நிக்கிறது உங்க உடம்போட நோய் எதிர்ப்பு அணுக்கள். இவ்வளவு கூட்டம் வந்திருந்தா நல்ல அறிகுறி.”

லோகேந்திரன் திரும்பவும் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லையே,” என்றார் மெல்ல. “தாங்களாவே வந்திருக்கினம்.”